நார்வேயிலிருந்து அமெரிக்கா போன மூதாதையரைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1825 ஜூலைத் தொடக்கத்தில் நார்வேயின் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டௌரேஷன்' என்ற சிறு பாய்க்கப்பல் 52 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் கரை சேர்ந்தபோது கப்பலில் 53 பேர் இருந்தார்கள். நடுக்கடலில் ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. அதற்கடுத்த நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 8 லட்சம் நார்வேயர்கள் அதே திசையில் போனார்கள். 1801-இல் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 9 லட்சத்துக்குக் கீழேதான் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பெயர்ச்சி என்று விளங்கும்.

அவர்களின் வாரிசுகள் இன்று மின்னசோட்டா, விஸ்கான்சின், அயோவா, டகோட்டாக்கள் என்று பரவியிருக்கிறார்கள். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றுக்கு அவர்களோடு சம்பந்தமும் ஏற்பட்டிருக்கிறது. பேரக்குழந்தையின் இன்னொரு பக்கத்து வேர் எங்கே என்று தேடத் தொடங்கியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

முதலில் எங்கே தேட வேண்டும்?

அமெரிக்காவில். நார்வே ஆவணங்கள் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன என்று தெரிந்ததும் எல்லோரும் நேராக அங்கே போய் 'ஓலே ஓல்சன், 1840' என்று தட்டிப் பார்க்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஓலே ஓல்சன்கள் வந்து நிற்பார்கள். கிளம்பியவர் எந்தக் குருசேகரத்தை (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டாரத்தை)ச் சேர்ந்தவர், முடிந்தால் எந்தப் பண்ணையிலிருந்து வந்தவர் என்று தெரிந்துகொள்ளும்வரை நார்வே ஆவணங்களைத் தொட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஊர் தெரிந்தால் மீதி வேலை பெரும்பாலும் சில மாலைகளில் முடியும். தெரியாவிட்டால் ஆண்டுக்கணக்கில் அலைவீர்கள். அதைவிட மோசம், வேறு யாரோ ஒருவரின் பாட்டனைச் சொந்தமாக்கிக்கொள்வீர்கள்.

அண்ணன் தம்பிக்கே வேறு வேறு குடும்பப்பெயர் இருக்கிறதே, ஏன்?

இந்தத் தேடலின் கடினமான பகுதி இதுதான். ஆனால் தமிழருக்கு இது மற்றவர்களைவிட எளிதாகப் புரியும். நம் இனிஷியல் போலவே நார்வே கிராமங்களில் தகப்பன் பெயர்தான் இரண்டாம் பெயர். ஹான்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே ஹான்சென். அவர் மகன் லார்ஸ் ஓல்சென். மகள் ஆன்னா ஓல்ஸ்டட்டர். பெண் திருமணமானாலும் தகப்பன் பெயரையே வைத்துக்கொள்வாள்.

இதோடு மூன்றாவதாக ஒட்டிக்கொள்வது பண்ணைப் பெயர். அது குலப்பெயர் அல்ல, முகவரி. ஒருவர் மனைவி வீட்டுப் பண்ணைக்குக் குடிபோனாலோ, வேறு இடத்தில் குத்தகைக்குப் போனாலோ அந்தப் பெயரும் மாறிவிடும். அமெரிக்கா போன பிறகு நிலையான குடும்பப்பெயர் தேவைப்பட்டபோது அண்ணன் தகப்பன் பெயரை வைத்துக்கொண்டார், தம்பி பண்ணைப் பெயரை எடுத்துக்கொண்டார், இன்னொருவர் கடைசியாக வேலை செய்த பண்ணையின் பெயரைப் பதிந்தார். நார்வேயிலேயே நிலையான குடும்பப்பெயர் சட்டப்படி கட்டாயமானது 1923-இல்தான்.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் நார்மன் போர்லாக். பசுமைப் புரட்சியின் கோதுமை விதைகள் வழியே இந்தியா முழுவதும் தெரிந்த பெயர். 1970-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அவருடைய பூட்டன் பெயர் ஓலே ஓல்சன் டிபெவிக், பூட்டி பெயர் சோல்வெய்க் தோமஸ்டட்டர் ரிண்டெ. நார்வேயில் சோக்னெஃபியோர்டு என்ற நீண்ட கடற்கழியின் கரையிலுள்ள ஃபேயோஸ் என்ற சிற்றூரிலிருந்து 1854-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் டேன் கவுண்டிக்குப் போனவர்கள். கணவன் பெயரில் ஓர் இடம், மனைவி பெயரில் இன்னோர் இடம், பிள்ளைகள் காலத்தில் மூன்றாவதாகப் போர்லாக். அதுவும் சோக்ன் வட்டாரத்து இடப்பெயர்தான். 'போர்லாக்' என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனவர் டிபெவிக்கிடம் வந்ததும் வழி முடிந்துவிட்டது என்று நினைப்பார். ஃபேயோஸ் என்ற ஊரைப் பிடித்துக்கொண்டவருக்கு எல்லாப் பெயரும் ஒரே கரையில் கிடைக்கும்.

அமெரிக்கத் துணை அதிபராக இருந்த வால்டர் மாண்டேல் விஷயத்தில் இது இன்னும் நேரடி. ஃபியேர்லாந்து பள்ளத்தாக்கிலுள்ள முண்டால் என்ற ஊர்ப்பெயரே மாண்டேல் ஆனது. அந்தப் பள்ளத்தாக்குக்குச் சாலை கொண்டுவந்த ஃபியேர்லாந்து சுரங்கப்பாதையை 1986-இல் திறந்து வைத்தவரும் அவர்தான்.

ஆகவே வீட்டிலிருக்கும் பழைய காகிதங்களில் விநோதமான, யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு மூன்றாம் பெயர் இருந்தால் அதைப் பொன்னாகப் பாதுகாத்து வையுங்கள். அதுவே பண்ணையாக இருக்கக்கூடும்.

அமெரிக்க ஆவணங்களில் எதில் ஊர்ப்பெயர் இருக்கும்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இராது. பிறந்த இடம் 'நார்வே' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். குடியுரிமைப் பத்திரங்களும் பெரும்பாலும் அப்படியே.

நான் முதலில் பார்க்கச் சொல்வது லூத்தரன் ஆலயப் பதிவேடுகளை. குடியேறியவர்கள் எங்கே தங்கினாலும் சீக்கிரமே ஒரு சபையைக் கட்டினார்கள். போதகர்கள் நார்வேயில் பழகிய முறையிலேயே, நார்வே மொழியிலேயே பதிவேடு எழுதினார்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளையைச் சபையில் முழுமையாகச் சேர்க்கும் சடங்கு), திருமணம், அடக்கம், சபை உறுப்பினர் பட்டியல் என்று எல்லாமே உண்டு. 'பிறந்த இடம்: வோஸ்' என்பது போன்ற குறிப்பு மிக அதிகமாகக் கிடைப்பது இங்கேதான். போர்லாக் குடும்பமும் அயோவாவில் கிரெஸ்கோவுக்கு அருகே சௌடெ லூத்தரன் சபையைச் சேர்ந்தது. நார்மன் ஞானஸ்நானம் பெற்றதும் திடப்படுத்தப்பட்டதும் அங்கேதான்.

அடுத்தது நார்வே மொழிப் பத்திரிகைகளில் வந்த மரண அறிவிப்புகள். அயோவாவிலிருந்து 1874 முதல் 1972 வரை வந்த 'டெக்கோரா-போஸ்டன்' இதில் பெரிய சுரங்கம். ஆங்கிலப் பத்திரிகை 'நார்வேயில் பிறந்தவர்' என்று விட்டுவிடும் இடத்தில் இது பள்ளத்தாக்கின் பெயரையே சொல்லும்.

பிறகு கல்லறைக்கல், குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கம், பரணிலிருக்கும் மரப்பெட்டி. கடல் கடந்தபோது கொண்டுவந்த பெட்டிகளின் முகப்பில் பெயரும் ஆண்டும் வண்ணத்தில் எழுதும் வழக்கம் இருந்தது. பெட்டியைத் துடைத்து மெருகேற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள்.

மரித்தவரின் உடன்பிறந்தாரையும் அண்டை வீட்டாரையும் விட்டுவிடாதீர்கள். ஒரே பள்ளத்தாக்குக்காரர்கள் ஒரே இடத்தில் குடியேறுவது வழக்கம். உங்கள் ஆளுக்குக் கிடைக்காத ஊர்ப்பெயர், கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற அடுத்த வீட்டுக்காரரின் பதிவில் இருக்கலாம். 'பிக்டெலாக்' எனப்படும் ஊர்ச் சங்கங்கள் பிறந்ததும் இந்த ஒட்டுறவால்தான். அவற்றில் மூத்தது வால்ட்ரெஸ் பள்ளத்தாக்குக்காரர்களுடையது. இந்தச் சங்கங்கள் பல இன்றும் இயங்குகின்றன, வம்சாவளி பார்த்துத் தரும் அனுபவசாலிகளும் அவற்றில் இருக்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள நார்வேஜியன் அமெரிக்கன் மரபியல் மையமும் நேசத் நூலகமும் இதற்காகவே இயங்கும் நிறுவனம்.

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டதாகத் தாத்தா சொல்லியிருக்கிறார். உண்மையா?

இல்லை. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட இடம் எல்லிஸ் தீவு. அங்கிருந்த அதிகாரிகள் கப்பல் நிறுவனம் தந்த பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. பெயரை மாற்றியவர்கள் குடியேறியவர்களே. அதுவும் பல ஆண்டுகளில், கொஞ்சம் கொஞ்சமாக. அதோடு எல்லிஸ் தீவு திறந்ததே 1892-இல். நார்வேயிலிருந்து மிக அதிகமானோர், 28,000-க்கும் மேல், கிளம்பிய ஆண்டு 1882.

நியூயார்க் கப்பல் பட்டியலில் ஆளே இல்லையே?

அவர் கனடா வழியாகப் போயிருப்பார். பிரிட்டன் தன் கப்பல் சட்டங்களை 1849-இல் தளர்த்திய பின் நார்வேப் பாய்க்கப்பல்கள் கியூபெக்குக்குக் குடியேறிகளை ஏற்றிப்போய், திரும்பும்போது மரம் ஏற்றி வந்தன. 1850-களிலும் 60-களின் முற்பகுதியிலும் பெரும்பாலானோர் இறங்கியது அங்கேதான். 1865-க்கு முந்தைய கியூபெக் பயணிகள் பட்டியல்கள் முறையாகக் காக்கப்படவில்லை. அதற்குப் பிறகு நீராவிக் கப்பல் காலம்: நார்வேயிலிருந்து இங்கிலாந்தின் ஹல், அங்கிருந்து ரயிலில் லிவர்பூல், அங்கிருந்து அமெரிக்கா. ஆகவே நியூயார்க்கில் அவர் வந்த கப்பல் ஆங்கிலேயக் கப்பலாகத் தெரியும், குழம்ப வேண்டாம்.

நார்வேயில் கிளம்பியவர்களின் பட்டியல் உண்டா?

உண்டு, 1860-களின் பிற்பகுதியிலிருந்து. ஏஜெண்டுகள் ஏழைகளை ஏமாற்றாமலிருக்க, பயண ஒப்பந்தங்களைக் காவல்துறை சரிபார்க்க வேண்டும் என்று 1869-இல் சட்டம் வந்தது. அதனால் கிறிஸ்டியானியா (இன்றைய ஓஸ்லோ), பெர்கன், ட்ரொண்ட்ஹெய்ம் போன்ற துறைமுகங்களின் காவல்துறைப் பேரேடுகளில் பெயர், வயது, ஊர், போகுமிடம் எல்லாம் கிடைக்கின்றன. ஸ்டவாங்கரின் பழைய பேரேடுகள் மட்டும் அழிந்துவிட்டன; அந்தப் பக்கத்துக்காரர்கள் ஆலயப் பதிவேட்டைத்தான் நம்ப வேண்டும்.

ஊர் தெரிந்துவிட்டது. இனி நார்வே ஆவணங்களில் எப்படி நுழைவது?

நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஜிட்டல்ஆர்கிவெட்' தளத்துக்குப் போங்கள். கட்டணம் கிடையாது, சந்தா கிடையாது. ஒரு நாடு தன் மக்களின் நினைவை இப்படி வாசல் திறந்து வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பெயர்வாரியான கணக்கெடுப்புகளில் 1801, 1865, 1900, 1910 ஆகிய நான்கும் உங்களுக்கு முதுகெலும்பு. 1865 கணக்கெடுப்பில் வீட்டில் யார் யார், என்ன தொழில், எத்தனை மாடு, எத்தனை ஆடு, எவ்வளவு விதை விதைத்தார்கள் என்பதுகூட இருக்கும். பூட்டனின் வாழ்வு எப்படி இருந்தது என்று இந்த மாட்டுக் கணக்கு சொல்வதுபோல வேறெதுவும் சொல்லாது. 1910-இல் முழுப் பிறந்த தேதி உண்டு; அமெரிக்கா போய்த் திரும்பி வந்தவர்களிடம் அதைப் பற்றித் தனியாகவும் கேட்டார்கள். இந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது: போனவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் திரும்பி வந்தார். கணக்கெடுப்புகள் 100 ஆண்டு கழித்தே வெளிவரும். 1920-ஆம் ஆண்டுடையது 2020 டிசம்பரில் வந்தது.

கணக்கெடுப்பில் குடும்பத்தைக் கண்டதும் ஆலயப் பதிவேட்டுக்குத் தாவுங்கள். 1800-களின் தொடக்கத்திலிருந்து நாடு முழுதும் அச்சிட்ட கட்டங்களில் ஒரே மாதிரியாக எழுதினார்கள். அதற்கு முந்தையவை ஒவ்வொரு போதகரின் கைப்போக்குக்கு ஏற்ப இருக்கும். ஞானஸ்நானப் பதிவில் குழந்தை, பெற்றோர், பண்ணை, ஞானப்பெற்றோர் எல்லாம் வரும். ஞானப்பெற்றோர் பட்டியலை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் அத்தை, மாமன், சித்தப்பா முறையினர். எந்தப் பண்ணையிலிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் தாயின் பிறந்த வீடு தெரியவரும். 'ஊரைவிட்டுப் போனவர்கள்' என்று தனிப் பட்டியலும் உண்டு. அதில் உங்கள் குடும்பம் வரிசையாக, எதிரே 'அமெரிக்கா' என்று எழுதப்பட்டிருக்கும் வரியைக் காணும் நாள் மறக்காது.

கையெழுத்தே புரியவில்லையே!

கோத்திக் எழுத்து அது. மொழி டேனிஷ் கலந்த பழைய நார்வேயம். ஒரு மாதத்தில் பழகிவிடும், ஏனென்றால் திரும்பத் திரும்ப அதே முப்பது நாற்பது சொற்கள்தான். 1880-களிலிருந்து தொடங்கி மெல்லப் பின்னோக்கிப் போங்கள். அதே போதகரின் கை பழகப் பழக வாசிப்பு இலகுவாகும்.

இன்னொரு உதவி, பெயர் வைக்கும் வழக்கம். மூத்த மகனுக்குத் தந்தையின் தகப்பன் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர், பெண்களுக்கு அப்படியே பாட்டிகள் பெயர். நம் வீடுகளிலும் இதே பழக்கம் உள்ளதால் உங்களுக்கு ஊகிக்க வரும். ஒரு குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயர் வைப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு லார்ஸ் பிறந்திருந்தால் மூத்தவர் பிழைத்தாரா என்று அடக்கப் பதிவில் பாருங்கள்.

வரைபடத்தில் அந்த ஊரே இல்லையே?

பெயர் மாறியிருக்கும். கிறிஸ்டியானியா 1925-இல் ஓஸ்லோ ஆனது. பிராட்ஸ்பெர்க் மாவட்டம் 1919-இல் டெலிமார்க் ஆனது. ஊராட்சிகளும் பலமுறை இணைந்தும் பிரிந்தும் போயிருக்கின்றன. எழுத்துக்கூட்டலும் தளர்வானது. இன்றைய வரைபடத்தை விட்டுவிட்டுப் பழைய குருசேகரத்தைப் பிடியுங்கள்.

'பிக்டெபோக்' என்கிறார்களே, அது என்ன?

ஊர் நூல். ஒரு வட்டாரத்தின் ஒவ்வொரு பண்ணையையும் எடுத்து, பெரும்பாலும் 1600-களிலிருந்து அங்கே வாழ்ந்த ஒவ்வொரு குடும்பத்தையும் பிள்ளைகளோடு வரிசைப்படுத்திய தடித்த தொகுதிகள். ஊர்க்காரர்களே முன்னின்று, பல பத்தாண்டுகள் உழைத்து எழுத வைத்தவை. 'அமெரிக்கா போனார்' என்று ஒரு பெயருக்கு எதிரே நிற்கும் குறிப்பிலிருந்து, போகாத தம்பி தங்கைகளின் சந்ததி வரை அதே பக்கத்தில் கிடைக்கும். உயிரோடிருக்கும் உறவினரைக் கண்டுபிடிக்க இதைவிட நேரான பாதை இல்லை.

எல்லா ஊருக்கும் இல்லை, தரமும் ஒன்றுபோல் இல்லை. மூல ஆவணத்தோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம். நார்வே தேசிய நூலகம் இவற்றை மின்மயமாக்கியுள்ளது, ஆனால் காப்புரிமையுள்ள நூல்கள் பல வெளிநாட்டிலிருந்து திறக்காது. அமெரிக்காவில் வட டகோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் பெரிய தொகுப்பு இருக்கிறது.

எங்கள் முன்னோர் 'ஹுஸ்மன்' என்று பதிவில் இருக்கிறது. அது குறைவான நிலையா?

பண்ணைக்காரரிடம் ஒரு துண்டு நிலமும் குடிசையும் பெற்று, பதிலுக்கு உழைப்புக் கொடுத்தவர். நார்வேயில் பயிரிடத்தக்க நிலம் மொத்தப் பரப்பில் 3 விழுக்காட்டளவே. பண்ணை மூத்த பிள்ளைக்குப் போகும். 19-ஆம் நூற்றாண்டில் குழந்தை இறப்பு குறைந்து குடும்பங்கள் பெருகியபோது இளையவர்களுக்கு மிஞ்சியது ஹுஸ்மன் குடிசை, மீன்பிடி, அல்லது கப்பல். அதனால் பெரிய பண்ணைக்காரரின் பேரனே ஹுஸ்மனாக இருப்பது சாதாரணம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளைப் பற்றியும் இதையே சொல்வேன். அவர்களுக்கும் ஞானஸ்நானப் பதிவில் தாய் சொன்ன தகப்பன் பெயர் பெரும்பாலும் இருக்கும். எழுதி வையுங்கள், பிள்ளை பிள்ளைதான்.

இணையத்தில் யாரோ முழு வம்சமரமும் போட்டிருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சான்றாக வேண்டாம். ஒரே குருசேகரத்தில் ஒரே வயதில் மூன்று ஓலே ஓல்சன்கள் இருப்பது சகஜம். ஒருவர் தவறான ஓலேயைப் பிடித்ததும் நூறு பேர் அதை நகலெடுத்து, நூறு பேர் சொல்வதால் உண்மை என்று ஆகிவிடுகிறது. ஒவ்வொரு தலைமுறை இணைப்புக்கும் ஒரு மூல ஆவணத்தை நீங்களே கண்ணால் பாருங்கள்.

டி.என்.ஏ. சோதனை உதவுமா?

ஆவணத்தோடு சேர்த்தால் உதவும். எள்ளுத்தாத்தா பொதுவாக உள்ள இருவரில் சுமார் பத்துக்கு ஒன்பது ஜோடிகளுக்குப் பொருத்தம் தெரியும். அடுத்த தலைமுறையில் அது பாதியாகிவிடும். ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில் சுற்றிச் சுற்றிச் சம்பந்தம் செய்திருப்பதால் உறவு இருப்பதைவிட நெருக்கமாகக் காட்டுவதும் உண்டு. வீட்டில் மூத்தவர் இருந்தால் அவருடைய மாதிரியை முதலில் எடுங்கள்.

உயிரோடிருக்கும் உறவினரை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி எழுதுவது?

ஊர் நூல் தொகுக்கப்பட்ட காலம்வரை அதிலேயே சந்ததி இருக்கும். அதன் பிறகு அந்த ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்கும் பொது நூலகத்துக்கும் எழுதுங்கள். அவர்களே பண்ணைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டுச் சொல்லிவிடுவதும் உண்டு. நார்வேயில் தொலைபேசி விவரத் தளங்களும் பொதுவில் உள்ளன. ஆனால் முன்பின் தெரியாதவரை எடுத்த எடுப்பில் தொலைபேசியில் அழைப்பதைவிடக் கடிதமே மரியாதை.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியிலேயே பொதுவான மூதாதையின் பெயர், பிறந்த ஆண்டு, பண்ணை, கிளம்பிய ஆண்டு. பிறகு அவரிலிருந்து உங்கள் வீட்டுக் குழந்தைவரை வரும் சிறு வம்சமரம். ஆங்கிலம் அங்கே பரவலாகத் தெரியும். முதியவர் என்றால் நார்வே மொழியில் இரண்டு வரியாவது சேருங்கள்.

கேட்பதைவிடக் கொடுப்பதை முன்னால் வையுங்கள். போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அந்தப் பக்கத்திலும் தலைமுறைகளாக நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்கள் அவர்களிடம் இருக்கலாம். ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு எழுதிய கடிதங்கள் உங்கள் பரணில்தான் இருக்கும். அவற்றின் நகலை அனுப்புங்கள். பெயர் தெரியாத பழைய புகைப்படங்களையும் அனுப்புங்கள். அதே படம் அங்கே பெயரோடு தொங்கிக்கொண்டிருக்கலாம்.

பதில் வராவிட்டால் சில மாதம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேல் வற்புறுத்தாதீர்கள். உயிரோடிருப்பவர்களின் பெயர், பிறந்த தேதியை அனுமதியில்லாமல் பொது வம்சமரத்தில் ஏற்றவே கூடாது.

நிலத்தில் பங்கு கேட்க வந்ததாக நினைத்துவிடுவார்களோ?

பண்ணை வாரிசுக்கு நார்வேயில் தனிச் சட்டமே இருக்கிறது, ஆனால் பல தலைமுறை தள்ளிய உறவினருக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. அவர்களுக்கும் இது தெரியும். குடும்ப வரலாற்றுக்காக மட்டுமே எழுதுவதாக ஒரு வரி போட்டால் போதும்.

ஊருக்குப் போனால் பூட்டனின் கல்லறையைப் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. நார்வேயில் கல்லறை இடம் பொதுவாக 20 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் குடும்பம் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போகும். பழைய கல் இல்லையே என்று யாரையும் குறை சொல்ல வேண்டாம். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஆலயமோ, அது நின்ற இடமோ பெரும்பாலும் இருக்கும்.

பண்ணையைப் பார்க்க எப்போது, எப்படிப் போவது?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மலைப்பாதைகள் சில அதற்கு முன் பனியால் மூடியிருக்கும். வைக்கோல் சேர்க்கும் நாட்களில் பண்ணைக்காரருக்குப் பேச நேரம் இராது, ஆகவே தேதியை அவர்களிடமே கேளுங்கள். நார்வேயில் காட்டிலும் மலையிலும் யாரும் நடக்கலாம் என்ற உரிமை உண்டு. வீட்டு முற்றத்துக்கும் பயிர் நிலத்துக்கும் அது பொருந்தாது. சொல்லாமல் போய் நிற்காதீர்கள். ஹுஸ்மன் குடிசை இருந்த இடமென்றால் காட்டுக்குள் அடித்தளக் கற்கள் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். அந்த இடம் எதுவென்று பண்ணைக்காரருக்கோ பக்கத்து வீட்டு முதியவருக்கோதான் தெரியும். போகுமுன் பண்ணை எண்ணையும் குடிசையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், வம்சமரத்தின் பிரதிகளையும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காபி மேசையைச் சுற்றி நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.